கெர்னல் அப்டேட் செய்ததும் வைஃபை காணாமல் போவது ஏன்? பழைய ஃபர்ம்வேர் பற்றி லினக்ஸ் விதி சொல்வது என்ன?

லினக்ஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. நேற்று வரை வைஃபை நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்தார்கள். காலையில் பார்த்தால் வைஃபை ஐகானே இல்லை. கார்டு கெட்டுப்போகவில்லை, ரவுட்டரும் நன்றாக இருக்கிறது. மாறியது ஒன்றே ஒன்றுதான்: கெர்னல்.

இத்தனை நாளும் கம்ப்யூட்டர் ஆர்வலர்களின் தலைவலியாக மட்டும் இருந்த இந்த விஷயம் இப்போது சாதாரண வீடுகளுக்கும் வந்திருக்கிறது. காரணம் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. வீட்டுப் பயனர்கள் தனியாகப் பதிவு செய்தால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் கூடுதலாக ஓராண்டு கிடைக்கும். சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், இன்டெல் 8-ம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களில் மிகப் பெரும்பாலானவற்றை அது அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைத் தூக்கிப்போட மனசு வராதவர்கள் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். தமிழ்நாட்டுக்கு அது அந்நியமான பெயரும் அல்ல. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

அப்படி மாறுபவர்களிடம் இருக்கப்போவது பத்து வயதான வைஃபை கார்டு. மேலே ஏறப்போவது இந்த வருடத்து கெர்னல். இந்த ரெண்டும் ஒத்துப்போக வேண்டுமா? ஒத்துப்போகவில்லை என்றால் யார் தப்பு? இதற்கு லினக்ஸ் கெர்னலில் எழுதி வைத்த விதியே இருக்கிறது. அந்த விதி வந்த கதை சுவாரஸ்யமானது.

ஒரு கார்டு, ரெண்டு சாஃப்ட்வேர்

முதலில் அடிப்படை. லேப்டாப்பில் உள்ள வைஃபை கார்டு தானே ஒரு குட்டி கம்ப்யூட்டர். அதற்குள் பிராசஸர் இருக்கிறது, மெமரி இருக்கிறது. அதில் ஓடும் சாஃப்ட்வேர்தான் ஃபர்ம்வேர். சிக்னலைப் பிடிப்பது, பாக்கெட்டை அனுப்புவது, போய்ச் சேராவிட்டால் திரும்ப அனுப்புவது போன்ற நொடிக்கு நொடி வேலைகளை அது பார்த்துக்கொள்ளும். எந்த நெட்வொர்க்கில் சேர வேண்டும், எப்போது பவரைக் குறைக்க வேண்டும் என்று அதற்கு உத்தரவு கொடுப்பது டிரைவர். டிரைவர் இருப்பது கெர்னலில்.

இந்த ஃபர்ம்வேர் பெரும்பாலான கார்டுகளில் நிரந்தரமாகப் பதிந்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை லேப்டாப் ஆன் ஆகும்போதும், டிஸ்க்கில் உள்ள ஒரு கோப்பை எடுத்து டிரைவர்தான் கார்டுக்குள் ஏற்றுகிறது. கோப்பு இல்லையென்றால் கார்டு வெறும் தகடு.

விண்டோஸில் டிரைவரும் ஃபர்ம்வேரும் ஒரே பொட்டலமாக வரும். ஆண்ட்ராய்டு போனிலும் அப்படித்தான். உள்ளே இருப்பது லினக்ஸ் கெர்னல் என்றாலும், கெர்னல், டிரைவர், ஃபர்ம்வேர் மூன்றையும் போன் கம்பெனியே பொருத்திப் பார்த்து அனுப்புகிறது. அதனால் போனில் இந்தச் சண்டை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

லினக்ஸ் லேப்டாப்பில் கதை வேறு. கெர்னல் ஒரு கையிலிருந்து வருகிறது, ஃபர்ம்வேர் இன்னொரு கையிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் சில ஃபர்ம்வேர் கோப்புகள் கெர்னலுக்குள்ளேயே இருந்தன. 2017 நவம்பரில் வந்த 4.14 பதிப்போடு மிச்சமிருந்தவையும் வெளியே போய்விட்டன. இப்போது எல்லாம் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தனித் தொகுப்பில் இருக்கின்றன. கெர்னல் மட்டும் புதிதாகி இந்தத் தொகுப்பு பழசாகவே நின்றால்தான் சிக்கல் தொடங்குகிறது.

'பழைய ஃபார்ம் செல்லாது'

டிரைவரும் ஃபர்ம்வேரும் பேசிக்கொள்ள ஒரு பொது ஒப்பந்தம் உண்டு. எந்த உத்தரவு எந்த வடிவில் வரும், பதில் எந்த வடிவில் போகும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டது. கம்பெனி புது ஃபர்ம்வேர் வெளியிடும்போது இந்த வடிவம் மாறலாம். மூன்று கட்டம் இருந்த இடத்தில் ஐந்து கட்டம் வரலாம்.

தாலுகா ஆபீஸ் கவுன்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நின்று நம் முறை வந்ததும், "இது பழைய ஃபார்ம், செல்லாது. புது ஃபார்ம் ஆன்லைன்ல இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்பார்கள். புது டிரைவர் பழைய ஃபர்ம்வேரிடம் இதைத்தான் சொல்கிறது. வைஃபை விஷயத்தில் கொடுமை என்னவென்றால், புது ஃபார்ம் ஆன்லைனில் இருக்கிறது, ஆன்லைன் போகத்தான் வைஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

டெபியன் லினக்ஸை வைஃபை மட்டுமே உள்ள லேப்டாப்பில் போட்டவர்களுக்கு இந்த அனுபவம் நன்றாகத் தெரியும். ஃபர்ம்வேர் மூடிய மென்பொருள் என்பதால் அதை அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்காமல் பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தார்கள். 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தித்தான் அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்து ஃபர்ம்வேர் கூடவே வருகிறது.

36-ல் தொடங்கி 22 வரை

நல்ல டிரைவர் என்ன செய்யும்? பழைய ஃபார்மையும் வாங்கிக்கொள்ளும்.

இன்டெல் 8260 கார்டை எடுத்துக்கொள்வோம். இன்டெல் 6-ம் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது இதுதான். அதாவது விண்டோஸ் 11 வாசலிலேயே திருப்பி அனுப்பும் அதே லேப்டாப்கள். இந்தக் கார்டுக்கான ஃபர்ம்வேர் கோப்பின் பெயரிலேயே ஒரு வரிசை எண் இருக்கும். டிரைவரில் ரெண்டு எண்கள் எழுதியிருக்கும்: அதிகபட்சம் 36, குறைந்தபட்சம் 22. லேப்டாப் ஆன் ஆனதும் டிரைவர் முதலில் 36-ஐத் தேடும். இல்லையா, 35. அதுவும் இல்லையா, 34. இப்படி ஒவ்வொரு படியாக 22 வரை இறங்கிப் பார்க்கும். அதற்கும் கீழே உள்ளது மட்டும்தான் இருக்கிறது என்றால், பொருத்தமான ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று லாகில் எழுதிவிட்டுக் கையை விரித்துவிடும்.

இதில் பலரைப் பயமுறுத்தும் ஒரு வேடிக்கையும் உண்டு. 36 கிடைக்காமல் 34 கிடைத்தால், வைஃபை ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் இறங்கி வந்த ஒவ்வொரு படிக்கும் லாகில் 'எரர் -2' என்று ஒரு வரி விழுந்திருக்கும். அந்த எண்ணுக்கு அர்த்தம் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்பது மட்டும்தான். அதைப் பார்த்து கார்டே போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

குவால்காம் ஏதெரோஸ் சிப்களுக்கான ஏடிஎச்10கே டிரைவரும் இதே மாதிரி 6-லிருந்து 2 வரை இறங்கிப் பார்க்கும். கோப்புக்குள்ளேயே 'எனக்கு இன்னின்ன வேலை தெரியும்' என்று ஒரு பட்டியல் இருக்கும். தெரியாத வேலையை டிரைவர் அதனிடம் கேட்காது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்டெல் 8260-க்கு வரிசை எண் 36-லேயே நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய 9000 வரிசைக்கு 46-ல் நின்றது. கார்டுக்கு வயதானதும் கம்பெனி புது வசதிகள் சேர்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஃபர்ம்வேர் மூடிய மென்பொருள் என்பதால் வெளியாட்கள் அதில் கை வைக்க முடியாது. ஆக, ஃபர்ம்வேர் இனி நகராது. கெர்னல் மட்டும் 9, 10 வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு என்று ஓடிக்கொண்டே இருக்கும். பழைய கார்டு பிழைத்திருக்க வேண்டுமானால் வளைந்து கொடுக்க வேண்டியது டிரைவர்தான், வேறு வழியே இல்லை.

கெடு முடிந்து பல வருடமாகியும் போகாத கோடு

இந்த வளைந்து கொடுத்தல் எப்படி நடக்கிறது என்பதற்கு பிராட்காம் சிப்களின் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2000-களின் நடுப்பகுதியில் ஆப்பிள் உட்பட ஏகப்பட்ட லேப்டாப்களில் பிராட்காம் வைஃபை சிப் இருந்தது. லினக்ஸுக்கு டிரைவரும் இல்லை, ஆவணமும் இல்லை. தன்னார்வலர்கள் சிப்பை ஆராய்ந்து தாங்களே டிரைவர் எழுதினார்கள். ஃபர்ம்வேரை யாரும் மறுவிநியோகம் செய்ய பிராட்காம் அனுமதி தரவில்லை. அதனால் ஒவ்வொரு பயனரும் வேறு சிஸ்டத்துக்கான டிரைவர் கோப்பை இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரை ஒரு கருவியால் வெட்டி எடுக்க வேண்டும். அந்தக் கருவிக்குப் பெயரே ஃபர்ம்வேர் கட்டர்தான்.

2008 ஜனவரியில் வந்த கெர்னல் 2.6.24-ல் டிரைவர் ரெண்டாகப் பிரிந்தது. புது பி43 டிரைவருக்கு 4-ம் பதிப்பு ஃபர்ம்வேர் வேண்டும், மிகப் பழைய சிப்களுக்கான பி43லெகசிக்கு 3-ம் பதிப்பு போதும். கெர்னல் மாற்றியவர்கள் மறுபடி கட்டரைத் தேடிப் போனார்கள். அதோடு நிற்கவில்லை. 4-ம் பதிப்புக்குள்ளேயே பின்னால் வந்த ஃபர்ம்வேர்களின் வடிவமும் மாறியது. பழைய வடிவத்துக்கான கோடு டிரைவரைப் படிக்கவே கஷ்டமாக்குகிறது, வேகத்தையும் கொஞ்சம் குறைக்கிறது, அந்த ஃபர்ம்வேருக்கு பிராட்காம் திருத்தமும் தருவதில்லை என்று காரணம் சொல்லி, 2008 ஜூலையோடு ஆதரவை நீக்குவதாகக் கெடு அறிவித்தார்கள்.

ஜூலை வந்தது. நீக்கவில்லை. பெரிய தொந்தரவு தராதவரை கோடு இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படலாம் என்று அறிவிப்பைத் திருத்தினார்கள். பழைய ஃபர்ம்வேர் வைத்திருப்பவர்களுக்கு டிரைவர் ஒரு எச்சரிக்கை காட்டும்: பழைய ஃபர்ம்வேருக்கான ஆதரவு சீக்கிரம் நீக்கப்படும், அதிகாரப்பூர்வக் கெடு 2008 ஜூலை. கெடு முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் அந்த எச்சரிக்கை வரி கோடில் அப்படியே இருந்தது, பழைய ஃபர்ம்வேரும் ஓடியது.

கேட்க சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இதுதான் சரியான அணுகுமுறை என்று சொல்ல வேண்டும். ஒரு சில வரிகளை நீக்குவதால் டெவலப்பருக்குக் கிடைக்கும் நிம்மதியும், ஒருவரது லேப்டாப்பில் நெட் அறுந்துபோவதும் சமமான விஷயங்கள் அல்ல.

2022-ல் எழுத்துக்கு வந்த விதி

இதெல்லாம் அதுவரை வழக்கமாக மட்டுமே இருந்தது. எழுத்தில் வரக் காரணம் வைஃபை அல்ல, கிராபிக்ஸ்.

2022-ல் கெர்னல் 5.19 தயாராகிக்கொண்டிருந்தது. இன்டெல் 12-ம் தலைமுறை ஆல்டர் லேக் சிப்களுக்கான கிராபிக்ஸ் டிரைவரில் ஃபர்ம்வேர் தேவையை 70-ம் பதிப்புக்கு உயர்த்தியிருந்தார்கள். பழைய பதிப்புக்கு இறங்கிப் போகும் வழி வைக்கவில்லை. கெர்னலை மட்டும் மாற்றியவர்களுக்குக் கிராபிக்ஸ் படுத்துவிடும். கெர்னலின் கிராபிக்ஸ் பகுதியைப் பராமரிக்கும் டேவ் ஏர்லி இதைக் கடுமையாக எதிர்த்தார். இன்டெல் தரப்பு 69-ம் பதிப்பையும் ஏற்கும்படி டிரைவரைத் திருத்தியது. அந்தக் கெர்னல் வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனதற்கு ரெட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறைபாடுதான் முக்கியக் காரணம். ஆனால் லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்ன காரணங்களில் இந்த இன்டெல் ஃபர்ம்வேர் பிரச்சினையும் இருந்தது.

அதன் பிறகு ஏர்லி எழுதிய வழிகாட்டுதல்கள் கெர்னல் ஆவணத்தில் சேர்ந்தன. சாரம் ரெண்டு வாக்கியத்தில் அடங்கும். புது கெர்னலுக்கு மாறுபவர், வன்பொருள் தொடர்ந்து வேலை செய்வதற்காகப் புது ஃபர்ம்வேரை நிறுவ வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. அதேபோல ஃபர்ம்வேரை மட்டும் புதுப்பிப்பதால் பழைய கெர்னலில் இருப்பவர்களுக்கு எதுவும் உடையக் கூடாது.

மற்றவை இதைச் செயல்படுத்தும் வழிகள். ஃபர்ம்வேருக்குப் பெரிய பதிப்பு எண், சிறிய பதிப்பு எண் என்று ரெண்டு இருக்க வேண்டும். பேச்சு வடிவம் மாறினால் மட்டுமே பெரிய எண் மாறும், மாறினாலும் பழைய பெரிய எண்ணுக்கான ஆதரவைக் கெர்னல் விடக் கூடாது. ஒரு விலக்கு உண்டு: இன்னும் கடைக்கே வராத வன்பொருளுக்கு இது பொருந்தாது. யாரிடமும் இல்லாத கார்டு யாருக்கும் உடையாது.

அப்போ பழசே போதுமா?

போதாது. பழைய ஃபர்ம்வேர் ஓடுகிறது என்பதற்கும் பாதுகாப்பாக ஓடுகிறது என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

2020 பிப்ரவரியில் ஈசெட் நிறுவனம் வெளியிட்ட 'க்ரூக்' குறைபாடு நேரடியாக சிப் சார்ந்தது. பிராட்காம், சைப்ரஸ் வைஃபை சிப்கள் இணைப்பு அறுந்ததும், மிச்சமிருந்த டேட்டாவை வெறும் பூஜ்ஜியங்களால் ஆன சாவியால் பூட்டி அனுப்பிவிட்டன. பூட்டியும் பூட்டாத மாதிரிதான். பாதிக்கப்பட்ட சாதனங்கள் 100 கோடிக்கும் மேல் என்பது ஈசெட்டின் மதிப்பீடு. 2021 மே மாதம் ஆராய்ச்சியாளர் மேத்தி வான்ஹோஃப் வெளியிட்ட 'ஃபிராக்அட்டாக்ஸ்' இன்னும் சிக்கலானது. கெர்னலில் திருத்தம் வந்தது, ஆனால் சில சிப்களுக்கு ஃபர்ம்வேரிலும் திருத்தம் தேவைப்பட்டது.

ஒரு பக்கம் மட்டும் திருத்தினால் ஓட்டை அடைபடாது என்கிற நிலையில் என்ன செய்வது? 2022 வழிகாட்டுதல் இதையும் யோசித்திருக்கிறது. ஆதரவில் உள்ள கெர்னல்கள் கேட்கும் எல்லாப் பெரிய பதிப்பு ஃபர்ம்வேர்களிலும் திருத்தம் சேர்க்க வேண்டும். கடைசியாக வந்ததில் மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்திக்கொள்ள முடியாது. ஃபர்ம்வேர் திருத்தப்பட்டதா என்பதைக் கெர்னல் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பழைய பதிப்பையே கைவிடுவது கடைசி வழி, அப்படிச் செய்தால் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எழுத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் விற்று பத்து வருடமான சிப்புக்கு ஃபர்ம்வேர் திருத்தம் எழுத ஆள் ஒதுக்கும்படி எந்தக் கம்பெனியையும் இந்த விதி கட்டாயப்படுத்த முடியாது.

சுமப்பது யார்?

கெர்னல் பக்கமும் ஆட்கள் கொட்டிக் கிடக்கவில்லை. வயர்லெஸ் டிரைவர்கள் பகுதியைப் பல ஆண்டுகளாகத் தனியாளாகப் பார்த்துக்கொண்ட காலே வாலோ 2025 தொடக்கத்தில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். உலகம் முழுக்க ஓடும் லினக்ஸ் சாதனங்களின் வைஃபை டிரைவர் மாற்றங்கள் ஒரே மனிதரின் மேசையைத் தாண்டித்தான் போயின என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே எல்லாவற்றையும் காலத்துக்கும் வைத்துக்கொள்ள முடியாது என்பதும் உண்மை. பிசிஎம்சிஐஏ கார்டு காலத்து டிரைவர்கள் பல சில ஆண்டுகளுக்கு முன்பு கெர்னலிலிருந்து நீக்கப்பட்டன. பெரிதாக யாரும் அழவில்லை.

இன்டெல் எடுத்த வழி கொஞ்சம் புத்திசாலித்தனமானது. வைஃபை 7 கார்டுகளுக்காக 2025 மே மாதம் வந்த கெர்னல் 6.15-ல் ஐடபிள்யுஎல்எம்எல்டி என்ற புது உள்பிரிவை இன்டெல் டிரைவரில் சேர்த்தார்கள். 7000 வரிசை முதலான கார்டுகள் பழைய உள்பிரிவிலேயே தொடர்கின்றன, அதற்கும் முந்தையவற்றுக்கு இன்னொரு உள்பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் சண்டை வராமல் இருக்க ஒரே காம்பவுண்டுக்குள் தனிக் குடித்தனம் வைத்த மாதிரி. புது வசதிக்காகக் கோடைப் புரட்டிப்போடும்போது பழைய கார்டு அடிபடும் வாய்ப்பு குறைகிறது.

வைஃபை போய்விட்டால் என்ன செய்யலாம்?

பதற வேண்டாம். உபுண்டு, மின்ட் போன்றவை முந்தைய கெர்னலை அழிக்காமல் வைத்திருக்கும். ஆன் ஆகும்போது வரும் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே போய்ப் பழைய கெர்னலைத் தேர்வு செய்து பாருங்கள். வைஃபை வந்துவிட்டால் கார்டில் கோளாறு இல்லை என்பது உறுதி.

அடுத்து, போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். அதற்குத் தேவையான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, தனி ஃபர்ம்வேர் எதுவும் கேட்காது. நெட் கிடைத்ததும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிராட்காமின் மூடிய டிரைவர், இணையத்தில் இறக்கி நாமே நிறுவும் சில ரியல்டெக் டிரைவர்கள் எல்லாம் கெர்னலுக்கு வெளியே இருப்பவை. கெர்னலின் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும், மாறாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. அந்த டிரைவர்கள் உடைந்தால் அது ஃபர்ம்வேர் பிரச்சினை அல்ல. டிரைவரைப் புது கெர்னலுக்கு ஏற்ப மறுபடி கட்ட வேண்டும், இல்லையென்றால் அதை எழுதியவர் திருத்தும்வரை பழைய கெர்னலிலேயே இருக்க வேண்டும்.

கெர்னலுக்குள் இருக்கும் டிரைவரே, அதே ஃபர்ம்வேரோடு, பழைய கெர்னலில் ஓடிப் புதியதில் ஓடவில்லை என்றால், அது விதிமீறல். "ஃபர்ம்வேரை அப்டேட் பண்ணிக்கோங்க" என்பது அதற்குப் போதுமான பதில் ஆகாது. டிஸ்ட்ரோவின் பிழைப் பதிவுப் பக்கத்தில் புகார் கொடுக்கலாம். கார்டின் பெயர், வேலை செய்த கெர்னல் பதிப்பு, வேலை செய்யாத கெர்னல் பதிப்பு, ஃபர்ம்வேர் எண், லாகில் வந்த வரி, இந்த ஐந்தையும் மறக்காமல் சேருங்கள். முக்கியமாக ரெண்டு கெர்னல் பதிப்புகளையும். எந்த மாற்றத்தில் உடைந்தது என்று டெவலப்பர்கள் தேட ஆரம்பிப்பது அந்த ரெண்டு எண்களுக்கு நடுவில்தான்.